தரைக்கடைக்கும் சட்டம் உண்டு



இன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் கடைத்தெருவுக்கு ஒரு நடை போய்வர நினைத்திருப்பீர்கள். திண்டிவனம் நேரு வீதியானாலும் சரி, விழுப்புரம் பாகர்ஷா வீதியானாலும் சரி, கோடைக்காலத்து ஞாயிறு என்றால் அதற்குத் தனிக் களைதான். மரக்காணத்துக் கருவாடு ஒரு பக்கம், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த தர்பூசணி ஒரு பக்கம், சாக்கு விரித்த இடத்தில் நுங்குக் குலை.

அந்த நுங்கு விற்கும் அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அரிவாளால் மேலே ஒரு சீவு, மூன்று கண்ணும் தெரிகிறது. கட்டைவிரல் உள்ளே போய் ஒரு சுற்று, சுளை உடையாமல் ஓலைக்கு வந்துவிடுகிறது. உள்ளிருக்கும் நீர் ஒரு சொட்டும் சிந்துவதில்லை. பேரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே, சில்லறையும் எண்ணிக்கொண்டே இத்தனையும் நடக்கிறது.

அதே கை, "முனிசிபாலிட்டி வண்டி வருது" என்று யாராவது குரல் கொடுத்தால் பதறிப்போய்ச் சாக்கைச் சுருட்டுகிறது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். ஏனென்றால் அந்த அம்மா பதற வேண்டியதே இல்லை.

சாலையோரத்தில் வியாபாரம் செய்வதும் அடிப்படை உரிமைதான், அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அகமதாபாத்தில் இளா பட் தொடங்கிய சேவா சங்கம், காய்கறி விற்கும் பெண்களுக்காக அதே நீதிமன்றத்தின் படியேறியது. இப்படிப் பல ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் போராடியதால் வந்ததுதான் 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். அந்த ஆண்டு மே தினத்தன்று அது நடைமுறைக்கு வந்தது.

அதில் என்ன இருக்கிறது? ஊரில் உள்ள சாலையோர வியாபாரிகளை முதலில் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். சரக்கை எடுத்துப் போனால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கீரை, பழம், நுங்கு மாதிரி அழுகும் பொருளாக இருந்தால், உரிய கட்டணம் கட்டியதும் அன்றைக்கே திருப்பித் தந்துவிட வேண்டும். மறுநாள் வரை நுங்கு என்ன ஆகும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதற்கே நன்றி சொல்லலாம்.

நடக்க வழியில்லை, பேருந்து திரும்ப முடியவில்லை என்று சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யத்தான் ஒவ்வோர் ஊருக்கும் நகர விற்பனைக் குழு. அதில் பத்தில் நான்கு பேராவது வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஆகவே இன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போகும்போது பேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இந்தச் சேதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். "அடிக்காசு கொடுத்தா ரசீது கேட்டு வாங்குங்கம்மா" என்று சொல்லுங்கள். காலையில் தண்டலுக்கு வாங்கி மாலையில் வட்டியோடு கட்டுகிறவர்களிடம், பிரதமரின் ஸ்வநிதி என்று 2020-இல் தொடங்கிய வங்கிக் கடன் திட்டம் இருப்பதையும், அதற்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு உதவும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் கூட இருந்தால் இன்னும் நல்லது.

நாளை திங்கள்கிழமை. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதலாம். இரண்டே கேள்வி போதும்: எங்கள் ஊரில் கடைசியாகக் கணக்கெடுத்தது எந்த ஆண்டு? விற்பனைக் குழுவில் எங்கள் சார்பில் இருக்கும் பெண்கள் யார் யார்?