திரும்பிச் செல்வதும் தவக்குல்தான்

 



நம் சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சிறிய பயிற்சி விமானங்கள் பறப்பதை அறிவோம். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய அப்படியொரு விமானம் நடுவானில் கோளாறாகி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நெடுஞ்சாலையிலேயே இறக்கப்பட்டது. அதிலிருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள். ஹயாத் இருந்தது, தப்பித்தார்கள் என்கிறோம். உண்மைதான். ஆனால் எல்லாம் கத்ரு என்றால், ஓட்டுபவர் எடுக்கும் முடிவுக்கு என்ன மதிப்பு?

இன்னொரு சம்பவத்தைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 7, ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில் கோழிக்கோட்டில் இறங்க முயன்றது. முதல் முறை இறங்காமல் மேலெழும்பிச் சுற்றி வந்தது. இரண்டாம் முறை, ஏறக்குறைய பாதி ஓடுபாதை கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. குன்றின் மேல் அமைந்த ஓடுபாதை அது. முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். இரு விமானிகளும் அதில் அடக்கம்.

இறங்காதீர்கள், மேலே எழுப்புங்கள் என்று துணை விமானி சொல்லியும் இறக்கப்பட்டது என்று விசாரணை அறிக்கை கூறியது. மறுநாள் காலைப் பயணத்திற்காக அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தையும் அது குறிப்பிட்டது. இறந்தவர்களைக் குறை பேசுவது நம் நோக்கமல்ல. அந்த எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது: இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி எப்படித் திரும்புவது?

ஹஜ்ரத் உமர் (ரளி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரளி) அவர்கள் கேட்டார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா பதிலளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

தோழர்களோடு வந்த கலீஃபா, பாதி வழியில் திரும்புவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. திரும்பியதும் கத்ருதான், தவக்குல்தான்.

சகோதரர்களே! கோழிக்கோட்டில் பயணிகளுக்கு அந்த முடிவில் பங்கில்லை. முன்னால் இருப்பவரின் முடிவைப் பின்னால் இருப்பவர்கள் சுமக்கிறார்கள். அவர்கள் அவர் கையிலுள்ள அமானத். இரவில் உளுந்தூர்பேட்டை சாலையில் தூக்கக் கண்ணோடு கார் ஓட்டுகிறோம். "அத்தா, ஓரமா நிறுத்துங்க" என்று பிள்ளை சொன்னால், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்கிறோம். ஊர் மெச்சக் கல்யாணம் செய்ய வட்டிக்குக் கடன் பேசுகிறோம். "வேண்டாங்க" என்று மனைவி சொன்னால், "மண்டபம் பேசியாச்சு, இனி முடியாது" என்கிறோம். நமக்கும் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து எச்சரிக்கிறார். கேட்கிறோமா?

எச்சரிப்பவருக்கும் கடமை உண்டு. ஒருமுறை சொல்லிவிட்டு மரியாதைக்காக வாய்மூடிவிட்டால் நஸீஹத் முடிந்துவிடாது. உயிர் போகும் இடத்தில் கையைப் பிடித்துத் தடுப்பதும் மரியாதைதான்.

முயற்சிக்கு முன்னால் கத்ரைக் காட்டி ஒதுங்குவது சோம்பல். முயன்ற பிறகும் இழப்பு வந்தால் கத்ரை ஏற்பது ஸப்ரு. இரண்டையும் இடம் மாற்றிவிடாதீர்கள். தவ்பா என்ற சொல்லுக்கே திரும்புதல் என்றுதான் பொருள். ஓடுபாதை மீதமிருக்கும்போதே திரும்புவோம்.

அந்த இரவில் மழையையும் தொற்றுப் பயத்தையும் பாராமல் ஓடிவந்து உயிர்களை மீட்ட கொண்டோட்டிப் பகுதி மக்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! எச்சரிக்கும் நாவையும், அதைக் கேட்கும் உள்ளத்தையும், நேரத்தோடு திரும்பும் துணிவையும் நமக்குத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.