தேர் வேண்டாம், கொழுகொம்பு போதும்

முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை ஆண்டுதோறும் வகுப்பறையிலே சொல்லிக் கொடுப்பவர்கள் நாம். சொல்லும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். சென்ற ஆண்டு, மூன்றாம் வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, ஒரு குச்சி நட்டிருந்தால் போதாதா?" என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். வீடு திரும்புகையிலே சிரிப்பு அடங்கிவிட்டது. கேள்வி அடங்கவில்லை.

கொடிக்கு வேண்டியது கொழுகொம்பு. தேர் வேண்டியிருந்தது பாரியின் உள்ளத்துக்கு! பறம்புமலைத் தலைவனைப் பழிக்க நமக்கு நா எழாது. ஒரு கொடியின் தவிப்பைக் கண்டு தாங்காத நெஞ்சம் இன்று எத்தனை பேருக்கு உண்டு? ஆயினும், ஈகை என்பது ஈவோன் உள்ளம் பொங்கி வழிவதா, பெறுவோன் வாழ்வு உயர்வதா என்பதை நாம் கேட்டாக வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பியே நெடுங்காலம் ஏமாந்திருக்கிறோம்.

ஊரிலே ஈகைக்குப் பஞ்சமா? அமாவாசைக்கு அரிசி, ஆடியிலே கூழ், செல்வர் வீட்டுத் திருமணத்திலே பந்திக்குப் பின் பந்தி! ஒரே நாள் அன்னதானத்துக்கு ஐம்பதாயிரம் செலவிட்ட ஒருவரிடம், நாம் நடத்தும் இரவுப் பள்ளிக்குத் திங்கள்தோறும் ஐந்நூறு ரூபாய் கேட்டுச் சென்றோம். "மாதாமாதமா?" என்றார், முகம் சுருங்கிற்று. கணக்குப் பார்த்தால் ஐம்பதாயிரத்திலே நம் பள்ளி எட்டாண்டு நடக்கும். ஆனால் சோறுண்டவன் கண்ணெதிரே நின்று கும்பிடுகிறான். புண்ணியம் உடனே பற்று வைக்கப்படுகிறது. எட்டாண்டு கழித்துத் தேர்வு பெறும் பெண்ணொருத்தி கும்பிட வரமாட்டாள். வரவும் வேண்டாம்! வறியார்க்குக் கொடுப்பதே கொடை, ஏனையவெல்லாம் திரும்பி வருமென எண்ணிக் கொடுப்பவையே என்று வள்ளுவர் வரைந்த எல்லைக்கோட்டிலே, மறுமைப் பயனை எதிர்பார்த்து இடுவதும் அந்தப் பக்கந்தான் விழுகிறது.

ஆகவே, திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறோம். உணர்ச்சி வந்த நாளிலே அல்ல; வருவாயிலே இத்தனை பங்கு என்று வரையறுத்து, வாழும்போதே அறக்கட்டளையாகவோ, வாழ்வுக்குப் பின் உயிலாகவோ. அப்படிக் கொடுத்தாலும் இடரில்லையா? உண்டு. அதற்குச் சான்று சென்னையிலேயே நிற்கிறது.

காஞ்சியிலே 1754-இல், தந்தையை இழந்த குழந்தையாகப் பிறந்து, துபாஷாகிப் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், உயில் எழுதும் வழக்கமே அரிதாயிருந்த 1794-இல் உயில் எழுதினார், அவ்வாண்டே மறைந்தார். அவர் நினைத்தவை கோயில் கட்டளைகளும் சமயம் சார்ந்த அறங்களும். அவர் கண் மூடியதும் வழக்கு எழுந்தது. ஆண்டுகள் உருண்டன, பணம் வட்டியோடு வளர்ந்தது, அறம் மட்டும் நடக்கவில்லை. நீதிமன்றம் தலையிட்டு, அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்று, கட்டளைகள் போக எஞ்சிய பணம் கல்விக்கென ஒதுக்கப்பட்டது. 1842 ஜனவரி முதல் நாள் பள்ளி திறந்தது. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே 48 ஆண்டுகள்! இரண்டு தலைமுறை எழுத்தறியாமலே போயிற்று.

பின்னர் அந்தப் பள்ளி கல்லூரியாயிற்று. காஞ்சியிலே அதே அறக்கட்டளையின் பள்ளியிலும், சென்னையிலே அதன் கல்லூரியிலும் படித்தே நெசவாளர் குடியிலே பிறந்த அண்ணா பட்டம் பெற்றார். பச்சையப்பர் பெயரை இன்று நாடு சொல்வது, அவர் உயிலிலே விரும்பிக் கேட்ட கட்டளைகளுக்காகவா? மிச்சத்திலே பிறந்த கல்விக்காக அன்றோ! அந்தக் கல்லூரியும் 1947 வரையிலே இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. தெருவிலே நின்ற முஸ்லிம் சிறுவனுக்கும் கிறித்துவச் சிறுவனுக்கும் அந்தக் கதவு 105 ஆண்டு மூடியே கிடந்தது. கொடுத்தவர் மாண்டார்; வேலி மாளவில்லை.

வேலியின்றி எழுதியவரும் உண்டு. வெடிமருந்து விற்றுச் செல்வம் குவித்த ஆல்பிரட் நோபல், 1895-இல் பாரிசிலே கையெழுத்திட்ட உயிலிலே, பரிசுக்குரியவர் எந்த நாட்டவர் என்று பார்க்கலாகாது என எழுதினார். ஏறத்தாழ மூன்று கோடியே பத்து இலட்சம் குரோனர்! ஆனால் பரிசைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கழகங்களை அவர் முன்கூட்டிக் கலக்கவில்லை. உறவினர் எதிர்த்தனர், முதற் பரிசு வழங்க 1901 ஆயிற்று. மனம் விரிந்திருந்தாலும், பொறுப்பேற்போரிடம் உயிரோடிருக்கையிலேயே பேசி முடிக்காவிடில் காலம் வீணாகும்.

கொடை கேட்டுச் செல்லும் இளைஞரும் தம்மை நோக்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய பணத்துக்குச் சுவரிலே கணக்கு ஒட்டாத சங்கம், கொடுத்தவனைத் திருடனாக்காமல் விட்டாலும் தன்னைத் திருடனாக்கிக்கொள்ளும். பொது அறக்கட்டளை நெறி தவறினால் வழக்குத் தொடுக்க 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆயினும் நீதிமன்றம் போய்த்தான் நேர்மை பெறவேண்டுமென்றால் 48 ஆண்டுக் கதைதான் மீண்டும்.

இவ்வளவும் ஏட்டிலே எழுத எளிது. நம் வாயிலிலேயே கேள்வி வந்து நின்றது. பிள்ளைப்பேறில்லாத பெரியவர் ஒருவர், மூன்று ஏக்கர் நஞ்சையை இரவுப் பள்ளிக்கு எழுதி வைப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஓடினோம். மழை பெய்தால் மூடிவிடும் பள்ளி அது, கூரையில்லை. பெரியவர் பெட்டியைத் திறந்து வரைவை நீட்டினார். வருவாய் முழுதும் அவருடைய சாதிப் பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும்!

"தம்பி, என் சொத்து. என் விருப்பம்" என்றார்.

"ஐயா, பட்டா உங்கள் பெயரிலே. நாற்று நட்டவர்களின் பிள்ளைகள்தாம் எங்கள் பள்ளியிலே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றோம்.

அவர் பேசவில்லை. நாமும் எழுந்து வந்துவிட்டோம். அன்றிரவு நண்பர்களுக்குள் பெருஞ்சண்டை. "முதலில் நிலம் வரட்டும், கூரை எழட்டும்" என்றான் ஒருவன். "வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? நனைவது நாமா, பிள்ளைகளா?" என்றும் கேட்டான். அந்தக் கேள்விக்கு இன்னும் நம்மிடம் நேர்விடை இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். ஆனால் ஒரு சாதிக்கென்று இன்று கையெழுத்தாகும் தாள், நாம் கிழவரான பின்னும் நம் பள்ளி வாசலிலே காவல் நிற்கும் என்பது மட்டும் தெரிகிறது.

மூன்று வாரம் கழித்து ஆள் அனுப்பினார். ஞாயிறு காலை, எழுதத் தெரிந்தவரோடும் சாட்சிகள் இருவரோடும் வரச்சொன்னார். எந்த வரைவு என்று சொல்லவில்லை. சாதி என்னும் சொல்லே இல்லாத வரைவொன்றை எழுதி எடுத்துப் போகிறோம். சாட்சிக்கு வர இசைந்தவருள் ஒருவர், அந்த மூன்று ஏக்கரிலே நாற்பதாண்டு ஏர் பிடித்தவர்.