நிற்கும் உரிமை

டான்யூப் நதியோரம் பாஸாவிலிருந்து வியன்னாவரை 300 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளில் போகிறார்கள். பாதையின் பல பகுதிகள், முன்பு நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் படகிழுத்த தடங்கள். உழைப்பு மறைந்தபின் தடம் காட்சியாகிவிடுகிறது.

டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையில் 1949ல் தொடங்கியது. அம்பத்தூரில் அது செய்த சைக்கிளில் பாடியிலிருந்து ஷிப்டுக்குப் போகும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். போகவர 12 கிலோமீட்டர் என்றால், 26 வேலைநாளில் வியன்னா வந்துவிடும். இதை யாரும் பிரயாணம் என்பதில்லை. மிதிப்பதும் வியர்ப்பதும் இருவருக்கும் ஒன்றே. நதிக்கரைக்காரர் நினைத்த இடத்தில் இறங்கலாம். இவர் இறங்கினால் கூலி போகும்.

அவருடைய உல்லாசத்தைப் பழிப்பது சுலபம். அதனால் இவருக்கு ஒரு நிமிஷமும் கிடைக்காது. கொரட்டூர் ஏரிக்கரையில் பத்து நிமிஷம் சும்மா நிற்கும் அவகாசம், கூலியைப் போலவே நியாயமான கோரிக்கை.