பெல்ட்டை எவ்வளவு இறுக்கலாம்?

பாசிர் பெனம்பாங்கிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய புரோட்டோன் சாகாவை இன்னும் பார்க்கலாம். 1985-இல் வந்த நம் நாட்டின் முதல் தேசிய கார் அது. அதன் எஞ்சினில் ஒரு பெல்ட், தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்ற வைக்குது. எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இறங்கணும். இல்லையென்றால் போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை நகர்த்தி, மறுபடி முடுக்கணும்.

தளர்ந்த பெல்ட் வழுக்கி, கீச்சென்று கத்தும். பேட்டரியில் சார்ஜ் ஏறாது, எஞ்சின் சூடாகும். ஓட்டுறவருக்கு உடனே தெரிஞ்சிடும். அளவுக்கு மேல் இறுக்கினால்? ஆரம்பத்தில் சத்தமே வராது. ஆனால் பம்பின் பேரிங் கொஞ்சம் கொஞ்சமா தேயும்.

கட்டுப்பாடும் இப்படித்தான். சோம்பேறியை எல்லாரும் திட்டுவாங்க. விரதம், படிப்பு, சேவைன்னு தன்னை முறுக்கிக்கிறவனைப் பாராட்டுவோம். அவன் எரிச்சலைத் தாங்கித் தாங்கி அம்மாவும் தம்பியும் தேய்வது வெளியே கேட்காது. கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் கண்ணனும், மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாமலே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறார்.

அப்படின்னா பாதி முயற்சி போதுமா? போதாது. பாதி இறுக்கிய பெல்ட்டும் வழுக்கத்தான் செய்யும். சுமையை வழுக்காமல் இழுக்க எவ்வளவு வேணுமோ, அதுதான் சரியான இறுக்கம். நம் ஒழுக்கத்தையும் இப்படி அளக்கலாம்: கடமை நடக்குதா? பக்கத்தில் இருப்பவர் தேயுறாரா? இரண்டையும் கேட்கணும். புது பெல்ட்கூட ஓட ஓடத் தளரும். அதனால் அடிக்கடி கேட்கணும்.