உறவின் எல்லை எது?

தன் பிள்ளைக்குச் சோறூட்டும் தாய், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பசியைக் கண்டு கதவைச் சாத்தினால் அதனை அன்பென்போமா, உடைமைப் பற்றென்போமா? குடும்பம் வேண்டாமென்று கூறவில்லை நாம். அக்குடும்பம் அன்பு பயிலும் பள்ளியா, அன்பைப் பூட்டிவைக்கும் பெட்டகமா என்றே கேட்கிறோம்.

2015 டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னையைச் சூழ்ந்தது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகள் மூழ்கின. அன்று தெருவுக்குள் படகைக் கொணர்ந்தவர் யார்? மீனவத் தோழர்கள்! 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலைக்கு உற்றாரையும் உடைமையையும் பறிகொடுத்த சமுதாயம் அது. கைநீட்டியவரின் கோத்திரத்தை அவர்கள் கேட்டார்களா? கரம் பற்றினார்கள், கரை சேர்த்தார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன. பசித்தவன் நெற்றியைப் பாராது சோறிட்டன.

வெள்ளம் வடிந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் வந்தனர். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய குப்பையை அள்ளினர். அவர்களுள் எத்தனை பேரை வீட்டுக்குள் அழைத்து, உடனமர்ந்து உண்டோம்? வெள்ளம் இடித்த சுவரை வெயில் வந்ததும் கட்டிக்கொண்டோமே! இடருற்றபோது உறவு, இடர் தீர்ந்ததும் சாதியா?

உதவி, கொடுப்பவனை உயர்த்திப் பெறுபவனைத் தாழ்த்துமாயின், அது தருமம் என்ற பெயரில் நடக்கும் வாணிகம். சமமாய் அமர்த்துவதே உறவு. அவ்வுறவுக்குக் குருதி ஒன்றாக வேண்டுவதில்லை. பந்தி ஒன்றாக வேண்டும். திண்ணைவரை வந்தவரை உள்ளே அழைப்போம். அன்றே குடும்பம் என்னும் சொல் பொருள் பெறும்!