மூக்கு

இரவு ஒன்பதரைக்கு மேல் தெருமுனையில் சைக்கிள் செயின் உரசும் சத்தம் கேட்கும். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போவாள். அப்பா ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதற்குள், இரண்டடி தள்ளி நின்று ஒரு மூச்சு இழுப்பாள். அவ்வளவுதான். உள்ளே வந்து எங்களிடம் சொல்வாள்: “பிராந்திதான். சாப்பிட்டுத் தூங்கிடுவாரு. நீங்க படிங்க.” சில நாள் வேறு மாதிரி: “இன்னிக்குக் கள்ளச்சரக்கு. தம்பியக் கூட்டிக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போயிரு.” எந்தச் சரக்கு, எவ்வளவு, மறைக்க வழியில் வெற்றிலை போட்டாரா, எல்லாம் அந்த ஒரு மூச்சில் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் கணிப்பு தப்பியதாக எனக்கு நினைவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்குக்காக எடின்பரோ போயிருந்தேன். கோட்டைக்குப் போகும் ராயல் மைல் தெருவின் உச்சியில் விஸ்கிக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. அங்கே கிளைவ் விடிஸ் என்ற பிரேசில் நாட்டுத் தொழிலதிபர் ஏறத்தாழ 35 ஆண்டுகள் சேர்த்த 3,384 ஸ்காட்ச் பாட்டில்களை, மூடி திறக்காமல், கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேன்நிறம், தேயிலைநிறம், வைக்கோல்நிறம் என்று அறை முழுக்க ஒளி. அதைவிட என்னை நிறுத்தியது அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு தொழில் விவரம். பல பீப்பாய்களின் விஸ்கியைச் சேர்த்து ஒன்றாக்கும் தலைமைக் கலவையாளர், மாதிரிகளைக் குடித்துப் பார்ப்பது குறைவு. தண்ணீர் சேர்த்து 20 சதவீத அளவுக்கு இறக்கி, துலிப் பூப்போல வாய் குறுகிய கோப்பையில் ஊற்றி முகர்ந்து பார்ப்பதே முதன்மையான வேலை. அந்தத் தொழிலில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால், ‘அவருக்கு நல்ல மூக்கு’ என்பார்கள். எனக்கு அம்மா வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. அவளும் அந்த வேலையைத்தான் செய்தாள். அதற்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை.

அந்தப் பயணத்திலிருந்து நான் விஸ்கியை முகர்ந்து, சுவைத்து, குறிப்பெழுதி வருகிறேன். சனிக்கிழமை இரவு 30 மில்லி. என் அலமாரியில் ஒன்பது பாட்டில்கள் இருக்கின்றன, ஒன்பதும் திறந்தவை. பெண்ணியக் கூட்டங்களில் இதைச் சொன்னால் ஒரு சங்கடமான அமைதி வரும். அந்த அமைதிக்கு நியாயம் உண்டு. என் அம்மாவை அழவைத்த பொருளிலிருந்து நான் இன்பம் பெறுவது சரியா? இந்தக் கேள்வியை என் மாணவிகள் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

முதலில், இது ஆண்களின் பொருள் என்ற எண்ணத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில், 1811இல் குத்தகைக்கு எடுத்த கார்டோ பண்ணையில், ஹெலன் கம்மிங் உரிமம் இல்லாமல் விஸ்கி வடித்தார். வரி அதிகாரிகள் வந்தால் அவர்களுக்குச் சாப்பாடு போட்டு உட்காரவைத்துவிட்டு, கொட்டகையின் மேல் சிவப்புக் கொடி ஏற்றி அக்கம்பக்கத்தாரை எச்சரிப்பார் என்று சொல்வார்கள். 1824இல் உரிமம் வந்தபோது அது கணவர் பெயரில் வந்தது. பின்னர் மருமகள் எலிசபெத் அந்த வடிசாலையைப் புதிதாகக் கட்டி, 1893இல் ஜான் வாக்கர் நிறுவனத்துக்கு விற்றார். ஐலா தீவின் லஃப்ரோயிக் வடிசாலைக்கு 1934இல் தற்காலிகத் தட்டச்சராக வந்தவர் பெஸ்ஸி வில்லியம்சன். உரிமையாளர் நோயுற்றபோது பொறுப்பேற்று, 1954இல் அவர் இறந்ததும் வடிசாலையையே உடைமையாகப் பெற்று 1972வரை நடத்தினார்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தவர் ரீட்டா. கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிர்கின்டில்லாக் ஊர்க்காரர். விஸ்கித் தொழிலைக் கற்க வந்த ஜப்பானியர் மசதாகா தகெத்சுருவை 1920இல் குடும்பங்களின் விருப்பத்தை மீறி மணந்து, அந்த ஆண்டே அவருடன் கப்பலேறினார். ஆங்கிலமும் பியானோவும் கற்றுக்கொடுத்து வீட்டைத் தாங்கினார். 1934இல் ஹொக்கைடோவின் யோய்ச்சியில் கணவர் சொந்த வடிசாலை தொடங்கினார். 1961இல் இறக்கும்வரை ரீட்டா ஊர் திரும்பி வாழவில்லை. அவரை ‘ஜப்பானிய விஸ்கியின் தாய்’ என்கிறார்கள். வேலை செய்த பெண்ணுக்குத் தாய்ப் பட்டம் கொடுப்பது நமக்குப் புதிதல்ல.

செய்தவர்கள் பெண்களாக இருந்தும், சுவையைப் பேசும் மொழி ஆண்களுடையதாகவே வளர்ந்தது. ஒரு விஸ்கியைப் பெண்ணுடலாக வருணிப்பது, அதை அனுபவிப்பதைக் கலவியாகச் சொல்வது என்பதெல்லாம் விமரிசன நடையாகவே கருதப்பட்டுவந்தன. 2020இல் பெக்கி பாஸ்கின் என்ற பத்திரிகையாளர், புகழ்பெற்ற விஸ்கி வழிகாட்டி நூல் ஒன்றில் இருந்த இத்தகைய வரிகளைப் பொதுவெளியில் சுட்டிய பிறகுதான் சில கடைகள் அந்த நூலை விற்பதை நிறுத்தின. நம்மூர் நட்சத்திர விடுதி ஒன்றில் நடந்த சுவைப்பு நிகழ்வில் எனக்கு நேர்ந்ததும் இதன் தொடர்ச்சிதான். பணம் கட்டிப் பெயர் பதிந்தவள் நான். கோப்பை என்னோடு துணைக்கு வந்த நண்பர் முன்னால் வைக்கப்பட்டது. எனக்கு, “மேடம், ஜூஸ் கொண்டுவரட்டுமா?”

நான் எழுதும் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. ஆங்கிலக் கையேடுகள் சொல்லும் ஹெதர் பூவையும் கிறிஸ்துமஸ் கேக்கையும் நான் முகர்ந்து வளரவில்லை. பெங்களூரு அம்ருத் விஸ்கிக்கு ‘கருப்பட்டி, மழைக்கு முந்தின மண்’ என்று எழுதியிருக்கிறேன். அம்ருத் 2004இல் கிளாஸ்கோவில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரின் வெயிலில் அது 10 சதவீதத்துக்கும் மேல். ‘தேவதைகளின் பங்கு’ என்று அதைச் சொல்வார்கள். வெக்கையில் சீக்கிரம் முதிர்ந்து சீக்கிரம் வற்றிப்போவது எனக்குத் தெரிந்த பெண்களின் கதைபோல இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தப்பித்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ‘அது வேறு, இது வேறு’ என்பது ஒன்று. உண்மைதான். ஸ்காட்ச் தானியத்திலிருந்து வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டு இருக்க வேண்டும். நம் நாட்டில் மலிவாக விற்கும் ‘விஸ்கி’ பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயம் கலந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. ஆனால் போதை தரும் எத்தனால் இரண்டிலும் ஒன்றுதான். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது குவார்ட்டருக்கும் சிங்கிள் மால்ட்டுக்கும் சேர்த்துத்தான். மார்பகப் புற்றுநோயும் விலைப்பட்டியல் பார்த்து வருவதில்லை. மூட்டை தூக்குகிறவர் குடித்தால் குடிகாரர், பேராசிரியை குடித்தால் ரசனை என்று நான் பேசினால் அது வர்க்கத் திமிர்.

இன்னொரு வழி, ‘ஆண்கள் குடிக்கிறார்கள், நான் குடித்தால் என்ன’ என்பது. என் அப்பாவின் குடிக்கு அம்மாவின் தையல்கூலி செலவானது. அந்த ஆணைப்போல ஆவதை நான் விடுதலை என்று அழைக்க மாட்டேன். 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நடத்துகிறது. அந்தக் கடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து போராடும் பெண்கள் கேட்பது கூலியையும் தூக்கத்தையும் உயிரையும். அவர்களிடம் போய் நான் சுவையைப் பற்றிப் பேச முடியாது. அவர்கள் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போடுகிறவள்தான் நானும்.

பிறகு ஏன் அந்த ஒன்பது பாட்டில்கள்? புறநானூற்றில் இரண்டு காட்சிகள் உண்டு. 56ஆம் பாட்டில், யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியனுக்கு ஊட்டுகிறார்கள். 235இல், இறந்துபோன அதியமானை நினைத்து ஔவை அழுகிறார். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களோடு சேர்ந்து மகிழ்ந்து குடிப்பான் என்கிறார். முதல் காட்சியில் பெண் ஏந்தி நிற்கிறாள். இரண்டாவதில் பங்குபெறுகிறாள். ஔவையின் பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது கள் அல்ல, அதைக் குடித்த இடத்தில் யாரும் யாருக்கும் அஞ்சவில்லை என்பது.

என் அம்மாவின் மூக்கு அச்சத்தில் கூர்மையானது. ஒவ்வொரு மூச்சும் அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று அறிய இழுத்தது. எடின்பரோவில் முதன்முறையாக, யாருடைய கோபத்தையும் கணக்குப் போடாமல் ஒரு கோப்பையை முகர்ந்தேன். புகையும் தேனும் மட்டும் இருந்தன. அவளிடமிருந்து எனக்கு வந்த மூக்கு அன்று முதல் எனக்காக வேலை செய்தது. இதை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: என் மூச்சை யாரும் அஞ்சி முகரும் நிலை வரக் கூடாது.

அந்த நிபந்தனையை நான் மீறிவிட்டேன் என்று ஒரு சனிக்கிழமை தெரிந்தது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். கதவருகே, இரண்டடி தள்ளி நின்று, அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அப்பா இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் தோள் பழையபடி ஒடுங்கியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த ஏழு மாதம் அலமாரியைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவளே கேட்டாள். “அப்படி என்னதாண்டி இருக்கு அதுல? கொண்டா பாப்போம்.” லஃப்ரோயிக்கைக் கொஞ்சம் ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். பார்லியைப் பீட் என்னும் மக்கிய சதுப்புமண் புகையில் உலர்த்திச் செய்வது அது. அயோடின் வாடை அடிக்கும். அம்மா குடிக்கவில்லை. கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தாள்.

“பிரசவ ஆஸ்பத்திரி” என்றாள். “தம்பி பொறந்த வார்டு. மழை நாளு. வெளிய யாரோ விறகு எரிக்கிறா.”

நான் முகர்ந்ததில் எனக்கு ஆஸ்பத்திரி கிடைத்திருந்தது. மழையும் விறகும் கிடைக்கவில்லை. அவள் சொன்ன பிறகு கிடைத்தன. குறிப்பேட்டில் அவள் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் அவள் பெயரையும் எழுதினேன். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். “வாசம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பழைய ஞாபகம் போவ மாட்டேங்குது” என்றாள்.

இப்போதும் சில சனிக்கிழமைகளில் அவள் அந்த மூச்சை இழுக்கிறாள். நான் விலகிப் போகாமல், அவள் முகர்ந்து முடிக்கும்வரை நிற்கிறேன். “ம், கொஞ்சந்தான். போய்ப் படு” என்பாள். அவளுக்கு அந்த ‘ம்’ வராத நாள் வந்தால் அலமாரியைக் காலி செய்துவிடுவேன்.