நீருக்கும் ஓர் இடம் வேண்டும்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை இறைவன் தரும் கொடை. அது வந்து தங்குவதற்கு நாம் இடம் விட்டிருக்கிறோமா? எமது ஆலய ஆண்டு மலரின் வாயிலாக அடியார்களிடம் நான் கேட்க விரும்புவது இதுவே.

கொழும்பு தாழ்ந்த பூமி. இங்கு பெருமழை பெய்தால் கொலன்னாவை, கோட்டே, முத்துராஜவெல முதலிய இடங்களிலுள்ள சதுப்பு நிலங்கள் வெள்ளத்தை ஏந்தி, மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. அழுக்கை வடிகட்டுகின்றன, வெக்கையைத் தணிக்கின்றன, மீனுக்கும் கொக்குக்கும் வாழ்விடமாகின்றன. இத்தனைக்கும் அவை கூலி கேட்பதில்லை.

நான் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், பள்ளக்காணிகளை மண்போட்டு நிரப்ப அனுமதி கோரும் விண்ணப்பங்கள் என் மேசைக்கும் வந்தன. "பயனற்ற சதுப்பு" என்று அவற்றில் இருந்ததை அப்படியே கோவையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனால் 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகள் மூழ்கியபோது, நான் எழுதிய அந்தச் சொல் என் நெஞ்சைச் சுட்டது.

"என் காணியை நான் நிரப்பினால் யாருக்கு நட்டம்?" என்பார்கள். ஒருவர் காணி உயர்ந்தால் நீர் மறைந்துவிடாது. அயலவர் வாசலுக்குப் போகும். அந்த அயலவர் பெரும்பாலும் மண்போட வசதியற்ற ஏழை. ஒருவர் அடைந்த இலாபத்துக்கு இன்னொருவர் நனைவது அறமாகுமா? அதற்குத் துணைபோன பேனாவுக்கும் வினையில் பங்குண்டு என்றே நான் எண்ணுகிறேன். வெள்ளமோ ஆள் பார்ப்பதில்லை. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே புகுந்தது.

2018 இல் 'ராம்சார் ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தைக் கொழும்பு பெற்றது. உலகத் தலைநகரங்களுள் இதை முதலில் பெற்றது நமது நகரமே. பெருமைதான். ஆயினும் 2025 நவம்பரில் தித்வா புயலின்போது களனி கங்கை மீண்டும் கரைமீறியது. எஞ்சிய ஈரநிலத்தையாவது காப்பது நம் கடமை.

மருதானையில் வாழும் நம்மிடம் சதுப்பு நிலம் இல்லை. ஆனால் கான்கள் உண்டு. அன்னதானக் கோப்பைகளையும் பொலித்தீன் பைகளையும் அவற்றில் எறியாதிருப்போம். கும்பத்து நீரில் இறைவனை ஆவாகனம் செய்து வணங்கும் நாம், நிலத்தில் தங்கும் நீரைப் பயனற்றது என்று சொல்லலாமா? அடியார்கள் சிந்திக்க வேண்டுகிறேன். எல்லோரும் நலம்பெற எம்பெருமான் திருவருள் கிட்டுவதாக.